சிறைக்குள் மனுக் கொடுத்து முடிக்காமல் நீதிமன்றம் போக முடியாதா? (அமெரிக்கா)

கூடல்வாசி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மகன் முறையாகும் 23 வயது இளைஞன் ஒருவன் அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளூர்ப் பிரிவு) சிறையில் ஆறு வாரங்களாக விசாரணைக் கைதியாக இருக்கிறான். மாநிலத்தின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன்மேல் உள்ள குற்றச்சாட்டைப் பற்றி நான் இங்கே எதுவும் கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள அரசு நியமித்த வழக்கறிஞர் இருக்கிறார்.

அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. தினமும் இரண்டு வேளை மாத்திரை. சிறையில் தொடர்ந்து மூன்று நாள் அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து, மேல்படுக்கையிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. கீழ்ப்படுக்கைதான் வேண்டும் என்று உள்ளே சேர்த்த அன்றே சொல்லியிருந்தானாம்.

வழக்குப் போடலாமா என்று விசாரித்தால், முதலில் சிறைக்குள்ளேயே குறைதீர் மனுக் கொடுத்து, அதன் எல்லாப் படிகளும் முடிந்த பிறகுதான் நீதிமன்றம் என்கிறார்கள். மாத்திரை கொடுக்காதவர்களிடமே போய், ஏன் கொடுக்கவில்லை என்று மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. இது அந்தச் சிறையின் வழக்கமா, நாட்டின் சட்டமா? அவன் விழுந்து இன்றோடு பத்து நாள்.

அறுநூற்றிரண்டு:

ஐயா, விளக்கமெல்லாம் பிறகு. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே சேர்க்கும்போது கைதிக்குக் கொடுக்கும் கையேட்டில் குறைதீர் மனு பற்றி ஒரு பகுதி இருக்கும். சம்பவம் நடந்து எத்தனை நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, யாருக்கு என்ற மூன்றையும் அவனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். பத்து நாள் ஆகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனு ஏற்கெனவே கொடுத்தாயிற்றா?

கூடல்வாசி:

மாத்திரை வேண்டும் என்று மருத்துவப் பிரிவுக்கு மூன்று முறை சீட்டு எழுதிப் போட்டிருக்கிறான். அது மனு ஆகாதா?

அறுநூற்றிரண்டு:

பெரும்பாலும் ஆகாது. விவரம் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். மருத்துவரைப் பார்க்கக் கேட்கும் சீட்டு ஒரு கோரிக்கை. குறைதீர் மனு என்பது சிறை நிர்வாகத்தின் செயலையோ செயலின்மையையோ எதிர்த்துத் தருவது. இரண்டுக்கும் படிவம் வேறு, போடும் பெட்டி வேறு, பதில் சொல்லும் ஆள் வேறு. நூறு சீட்டு எழுதியிருந்தாலும் அந்த ஒரு படிவத்தை எழுதவில்லை என்றால், அவன் உள்வழியை, அதாவது சிறைக்குள்ளேயே தீர்வு தேடும் முறையை, தொடங்கவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். பல நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்றும் இருக்கின்றன. ஆனாலும் அந்தச் சீட்டுகளின் நகல் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கட்டும். மாத்திரை வேண்டும் என்பது சிறைக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அவை சாட்சி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது நாடு முழுவதற்குமான சட்டம். 1996 ஏப்ரல் 26 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு பெரிய செலவின மசோதாவுக்குள் ஒரு பகுதியாக வந்தது. சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். சிறையில் அடைபட்டிருக்கும் எவரும், சிறை நிலைமைகளைப் பற்றிய எந்த வழக்கையும், தமக்குக் கிடைக்கக்கூடிய நிர்வாகத் தீர்வுகள் முடியும்வரை கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ்த் தொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தண்டனை பெற்றவர், விசாரணைக் கைதி என்ற பாகுபாடு அதில் இல்லை. உங்கள் பையன் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவன். ஆனாலும் அவனுக்கும் பொருந்தும்.

இதற்கு முன் இந்த விதி இவ்வளவு இறுக்கமாக இல்லை. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிபதி தேவை என்று கருதினால் வழக்கை 90 நாள் நிறுத்திவைத்து, போய் உள்ளே முயன்றுவிட்டு வா என்று அனுப்பலாம். அதுவும் அந்தச் சிறையின் குறைதீர் முறை தரமானது என்று சான்று பெற்றிருந்தாலோ, நீதிமன்றமே அப்படி முடிவு செய்திருந்தாலோதான். 1996-இல் சான்றும் போயிற்று, நீதிபதியின் விருப்புரிமையும் போயிற்று.

பழைய குமாஸ்தா:

நான் தமிழ்நாட்டில் நீதிமன்றப் பதிவகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன். அமெரிக்கச் சட்டம் தெரியாது. ஆனால் விதியை மட்டும் பார்த்தால் அதில் எனக்கு அநியாயம் எதுவும் தெரியவில்லை. கூரை ஒழுகுகிறது என்பவன் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதுதானே? நம் உயர் நீதிமன்றத்திலும் ரிட் மனுவுக்கு எடுத்தவுடன் கேட்கும் கேள்வி, மாற்றுப் பரிகாரம் இருக்கிறதே, அங்கே போனீர்களா என்பதுதான். எந்த விவரமும் இல்லாமல், யார்மேல் புகார் என்றும் புரியாமல், நான்கு பக்கம் பொடி எழுத்தில் வந்து சேரும் மனுக்களைப் பிரித்துப் படித்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். உள்ளே ஒரு முறை விசாரிக்கப்பட்டு, தாளில் ஒரு பதிலோடு வந்தால், நீதிபதிக்கும் வேலை எளிது, கைதிக்கும் நல்லது.

சொல்லைப் பற்றியும் ஒன்று. தமிழில் இது அழகாக வாய்த்திருக்கிறது. தீர்வு, தீர்தல், தீர்ப்பு மூன்றும் ஒரே வேர். உள்ளே இருக்கும் தீர்வெல்லாம் தீர்ந்தால்தான் வெளியே தீர்ப்பு. இதைவிடச் சுருக்கமாக அந்தச் சட்டத்தை அவர்கள் மொழியில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறுநூற்றிரண்டு:

குமாஸ்தா ஐயா சொல்லும் நியாயத்தை நானும் மறுக்கவில்லை. குறைதீர் முறை கைதியைச் சிக்கவைக்கப் பிறந்ததல்ல. 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்த கிளர்ச்சியில் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசுப் படை சிறையை மீட்கும்போது சுட்டதில் மாண்டவர்கள், பிணையாகப் பிடிபட்டிருந்த ஊழியர்கள் உட்பட. சொன்னால் கேட்க ஆளில்லை என்பதுதான் அங்கே வெடித்தது. அதன் பிறகுதான், 1975-இல், சிறைதோறும் குறைதீர் குழு அமைக்க அந்த மாநிலம் சட்டம் போட்டது. உள்ளே ஒரு காது இருக்க வேண்டும் என்று போராடிப் பெற்றது, இருபது ஆண்டு கழித்து நீதிமன்ற வாசலில் சுங்கச்சாவடியாக மாறியது என்பதுதான் இதில் உள்ள விசித்திரம்.

ஐயா சொல்லும் மாற்றுப் பரிகார விதிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அது நீதிமன்றம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அடிப்படை உரிமை பறிபோகிறது என்றால் தளர்த்திக்கொள்ளலாம். 1979-இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, தன்னோடு இருந்த இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தார்கள். கிருஷ்ணய்யரின் தீர்ப்பு அது. அமெரிக்காவில் அப்படி ஒரு கடிதம் இன்று கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தால், படிவம் கொடுத்தாயா, மேல்முறையீடு செய்தாயா, கடைசிப் பதில் எங்கே என்ற வாதம்தான் முதலில் எழும்.

வெண்ணிலவு:

நான் மிச்சிகனில் வசிக்கிறேன்; கைதிகள் எழுதும் கடிதங்களைப் படித்து வகைபிரிக்கும் ஒரு தன்னார்வக் குழுவில் வாரம் ஒரு மாலை வேலை செய்கிறேன். விதி நியாயமானது என்று குமாஸ்தா ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நாள் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இங்கே மாநிலச் சிறையில், குறை தெரிந்த இரண்டு வேலைநாளுக்குள் சம்பந்தப்பட்ட ஊழியரிடமே வாய்மொழியாகப் பேசித் தீர்க்க முயல வேண்டும். தீரவில்லை என்றால் அடுத்த ஐந்து வேலைநாளுக்குள் முதற்படி மனு. பிறகு இரண்டாம் படி, மூன்றாம் படி. டெக்சாஸில் முதற்படிக்கு 15 நாள், நியூயார்க்கில் 21. கூட்டாட்சிச் சிறைகளில் 20 நாளுக்குள் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு படிவம், அவர் பதில் வந்த 20 நாளுக்குள் வட்டார இயக்குநருக்கு இன்னொரு படிவம், அங்கிருந்து 30 நாளுக்குள் தலைமைச் சட்ட அலுவலகத்துக்கு மூன்றாம் படிவம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. உள்ளே இருப்பவர்கள் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணாலேயே சொல்கிறார்கள். மேலே எழுதியவரின் 'அறுநூற்றிரண்டு' என்ற புனைபெயரும் கலிஃபோர்னியாவில் புழங்கிய படிவ எண் என்று நினைக்கிறேன்.

அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவனுக்கு ஐந்து வேலைநாள் என்பது எவ்வளவு? தனிக்கொட்டடியில் இருப்பவனுக்குப் பேனாவும் படிவமும் யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. மடித்த தாளைக் கதவிடுக்கில் செருகி வைக்கிறான். சுற்றுவரும் காவலர் எடுத்துக்கொண்டு போகிறார். அது எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. நான் படித்த கடிதங்களில் பாதிக்கு மேல், "மனுக் கொடுத்தேன், ஆனால் கொடுத்ததற்கு என்னிடம் ஒன்றும் இல்லை" என்ற பொருளில்தான் தொடங்குகின்றன.

பழைய குமாஸ்தா:

ஒப்புகைச் சீட்டுக் கொடுப்பதில்லையா? எங்கள் ஊரில் திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகும் பாட்டிகூட முத்திரை குத்திய சீட்டை வாங்காமல் நகர மாட்டாள்.

வெண்ணிலவு:

சில இடங்களில் கார்பன் நகல் உண்டு; அந்தக் கடைசித் தாள் கைதிக்கு. சில இடங்களில் பதிவான பிறகுதான் எண் வரும். பதிவாகாத மனுவுக்கு எண்ணே கிடையாது. இப்போது பல கவுண்டி சிறைகளில் டேப்லெட்டில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். அது ஒரு வகையில் நல்லது, தேதியும் நேரமும் பதிவாகிவிடும். ஆனால் வேறு சிறைக்கு மாற்றினால் அந்தக் கணக்கே கைவிட்டுப் போகும். கூடல்வாசி ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மங்கையர்க்கரசி:

நான் செவிலியர். ஒரு மாநிலச் சிறையின் மருத்துவப் பிரிவில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். எந்த மாநிலம் என்று சொல்ல விரும்பவில்லை. மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

மருத்துவக் குறைதீர் மனுக்களுக்கு முதற்படிப் பதிலை எழுதும் வேலை ஒரு காலத்தில் என் மேசைக்கு வந்தது. வாரம் முப்பது, நாற்பது வரும். அவற்றில் பல அன்றைக்கே தீரக்கூடியவை: மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, மாத்திரைச் சீட்டுக் காலாவதியாகிவிட்டது, பல்வலிக்குப் பெயர் கொடுத்து இரண்டு மாதம் ஆயிற்று. மனு வந்திராவிட்டால் எங்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு முறை ஒரே பிரிவிலிருந்து ஐந்து பேர், இன்சுலின் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து வருகிறது என்று எழுதியிருந்தார்கள். மருந்து வண்டி சுற்றும் வரிசையை மாற்றினோம், முடிந்தது. அந்தக் காரியத்தை எந்த நீதிமன்றமும் அவ்வளவு விரைவாகச் செய்திருக்காது. ஆகவே உள்வழி வெறும் கண்துடைப்பு என்று யாரும் எழுதினால் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊழியர்மேல் வந்த புகார்களுக்கு என் மேலதிகாரி ஒரே வாக்கியத்தை வைத்திருந்தார்: மனுதாரருக்கு உரிய மருத்துவ கவனிப்பு அளிக்கப்பட்டு வருகிறது. கோப்பைத் திறக்காமலே அதை ஒட்டிவிடலாம், ஒட்டினோம். நானும் ஒட்டியிருக்கிறேன். நீல மையில் எழுதவில்லை, ஒரு படிவத்தில் இரண்டு குறைகளை எழுதிவிட்டான், கோட்டுக்கு வெளியே எழுத்துப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களும் உண்டு. திருப்பி அனுப்பிய நாளும் அவன் கணக்கில்தான் கழியும்.

அறுநூற்றிரண்டு:

அம்மா, இவ்வளவு நேர்மையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன அந்த "திருப்பி அனுப்புவது" எப்படி வழக்கையே கொல்லும் ஆயுதமாயிற்று என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2001-இல் பூத் எதிர் சர்னர் வழக்கில், குறைதீர் முறையில் பணமாக இழப்பீடு கிடைக்காது என்றாலும், பணம் மட்டுமே கேட்கும் கைதியும் அதை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2002-இல் போர்ட்டர் எதிர் நசல் வழக்கில், காவலர்கள் அடித்தார்கள் என்ற புகாரும் "சிறை நிலைமை" என்பதற்குள் அடங்கும் என்றது. அதாவது, சாப்பாட்டில் உப்பில்லை என்பதற்கும் பல்லை உடைத்தார்கள் என்பதற்கும் ஒரே வாசல். இவை இரண்டையும்விடப் பெரியது 2006-இன் வுட்ஃபோர்டு வழக்கு. கலிஃபோர்னியாவில் 15 வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டிய மனுவை ஒரு கைதி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துக் கொடுத்தார். காலம் கடந்தது என்று தள்ளிவிட்டார்கள். இனி உள்ளே முயல வழியே இல்லை, எனவே தீர்வுகள் தீர்ந்துவிட்டன என்றார் அவர். நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மறுத்தது: தீர்ந்தால் மட்டும் போதாது, சிறையின் நாள் கணக்குக்கும் நடைமுறைக்கும் உட்பட்டு ஒழுங்காகத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், பெரும்பாலான சிறைகளில் கெடு 15 நாளுக்கு மேல் இல்லை என்பதையும், ஒன்பது மாநிலங்களில் அது இரண்டு முதல் ஐந்து நாள்தான் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். சாதாரண மனிதன் உடற்காயத்துக்கு வழக்குத் தொடுக்க மாநிலத்தைப் பொறுத்து இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ அவகாசம் உண்டு. கைதிக்குச் சட்டப் புத்தகத்தில் அதே ஆண்டுக்கணக்கு இருக்கிறது. நடைமுறையில் அவனுடைய கெடுவைக் குறிப்பது எதிர்த்தரப்பே எழுதிய கையேடு. தள்ளுபடி செய்யும்போது, உள்ளே முடித்துவிட்டு மறுபடி வரலாம் என்று நீதிமன்றம் சொல்லும்; ஆனால் உள்ளே கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

நான் விதியை எதிர்க்கவில்லை. கெடுவைக் குறிப்பதும், படிவத்தைக் கொடுப்பதும், வாங்குவதும், பதிவேட்டை வைத்திருப்பதும், கடைசியில் "பதிவேட்டில் அப்படி ஒரு மனு இல்லை" என்று சத்தியவாக்குமூலம் தருவதும் ஒரே கையாக இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி.

பழைய குமாஸ்தா:

அப்படியென்றால் வீண்வழக்குகள்? அந்தச் சட்டம் வரும்போது ஏதோ வேர்க்கடலை வெண்ணெய்க்காக ஒரு கைதி வழக்குப் போட்டதாகப் படித்திருக்கிறேன்.

அறுநூற்றிரண்டு:

அந்தக் கதை சட்டமியற்றும்போது மிகவும் பயன்பட்டது: கடலைத் துண்டுகள் உள்ள வெண்ணெய் கேட்டவனுக்கு வழுவழுப்பானதைக் கொடுத்தார்கள், அதற்கு வழக்கு என்று. ஜான் நியூமன் என்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி அந்த வழக்கின் கோப்பையே எடுத்துப் பார்த்து 1996-இல் எழுதினார். கைதி தவறாக வந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அன்று இரவே அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பொருள் வரவில்லை, கணக்கிலிருந்து எடுத்த இரண்டரை டாலரும் திரும்பவில்லை. வழக்கு அந்தப் பணத்துக்காக. சிறிய தொகைதான், சுவை பற்றிய வழக்கல்ல.

வீண்வழக்குகள் நிறைய இருந்தன என்பதும் உண்மை. 1995-இல் கைதிகள் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகள் சுமார் 40,000. 2001-க்குள் அது 43 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் கைதிகளின் எண்ணிக்கையோ கூடியது. இதை ஆராய்ந்த பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கரின் கணக்கு இது. பதர்கள் மட்டும் நீங்கியிருந்தால் எஞ்சியவற்றில் வெற்றி விகிதம் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை என்பது அவருடைய கண்டறிதல். முறம் நெல்லையும் சேர்த்தே புடைத்துவிட்டது.

கூடல்வாசி:

இவ்வளவையும் படித்தபின் நம்பிக்கை குறைகிறது. விதிவிலக்கே கிடையாதா? நாங்கள் இங்கிருந்து அவனுக்காக மனுக் கொடுக்கலாமா?

அறுநூற்றிரண்டு:

இரண்டாவதற்கு முதலில் பதில். பொதுவாக முடியாது. கூட்டாட்சிச் சிறை விதியில் எழுதித் தர மற்றவர் உதவலாம். அவனுக்குப் பதிலாகச் சமர்ப்பிக்க முடியாது. பாலியல் வன்முறைப் புகார்களுக்கு மட்டும், 2012-இல் வந்த தேசியத் தரவிதிகளை ஏற்ற சிறைகளில், வெளியார் மனுக் கொடுக்க வழியுண்டு. அவற்றுக்கு நாள் கெடுவும் கிடையாது. உங்கள் பையனுடைய மனுவை அவன்தான் போட வேண்டும்.

விதிவிலக்கு என்று சட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆனால் "கிடைக்கக்கூடிய" தீர்வுகள் என்ற ஒரு சொல் இருக்கிறது. இருபது ஆண்டாகச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். 2016-இல் ராஸ் எதிர் பிளேக் வழக்கில் நீதிபதி கேகன், தாளில் இருந்தும் கையில் கிடைக்காத தீர்வு எது என்பதை மூன்றாகச் சொன்னார்: அதிகாரிகளால் எந்தப் பரிகாரமும் தர இயலாத, அல்லது எப்போதும் தர மறுக்கிற முட்டுச்சந்து, சாதாரணக் கைதியால் புரிந்து நடக்க முடியாத அளவுக்குக் குழம்பிய நடைமுறை, சூழ்ச்சியாலோ பொய்யாலோ மிரட்டலாலோ அதிகாரிகளே குறுக்கே நிற்பது.

அதே ஆண்டு நியூயார்க்கிலிருந்து வந்த வில்லியம்ஸ் வழக்கு இரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தனிக்கொட்டடியில் இருந்தவர் சுற்றுவந்த அதிகாரியிடம் மனுவைக் கொடுத்தார். அது மேலே போய்ச் சேரவே இல்லை என்பது அவர் வாதம். பதில் வராத மனுவுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி சொல்கிறது. பதிவே ஆகாத மனுவுக்கு என்ன செய்வது என்று விதி வாய் திறக்கவில்லை. இல்லாத கதவைத் தட்டவில்லை என்று ஒருவன்மேல் குற்றம் சொல்ல முடியாது என்ற முடிவுக்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்தது.

2007-இன் ஜோன்ஸ் எதிர் பாக் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்வழி முடிந்தது என்று கைதி வழக்குரையில் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, முடியவில்லை என்பதை எதிர்த்தரப்புத்தான் எழுப்பி நிறுவ வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்தார்கள்.

வெண்ணிலவு:

எங்கள் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் போன வழக்கின் 2025 ஜூன் தீர்ப்பையும் சொல்லிவிடுங்கள். பெர்ட்டு எதிர் ரிச்சர்ட்ஸ். சிறை ஊழியர் ஒருவர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்றும், அதைப் பற்றி எழுதிய மனுக்களை அவரே கிழித்துப் போட்டு மிரட்டினார் என்றும் கைதியின் குற்றச்சாட்டு. மனு கிழிக்கப்பட்டதா என்பதை யார் முடிவு செய்வது, நீதிபதியா ஜூரியா என்பதுதான் கேள்வி. உள்வழி பற்றிய சர்ச்சையும் மூல வழக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் ஜூரிக்கு முன் வைக்கும் உரிமை கைதிக்கு உண்டு என்று 5-க்கு 4 கணக்கில் தீர்ப்பானது. கடிதங்களை வகைபிரிக்கும் எங்கள் மேசையில் அன்று மாலை பேச்சு முழுவதும் அதுதான். ஊழியரின் வாக்குமூலத்துக்கும் கைதியின் வாக்குக்கும் நடுவே பொதுமக்கள் சிலர் வந்து உட்காரக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

கூடல்வாசி:

நேற்று இரவு பேசினான். கையேட்டில் 14 நாள் என்று இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் பதில் வந்த ஐந்து நாள். இன்று பன்னிரண்டாம் நாள். என்ன எழுத வேண்டும்?

மங்கையர்க்கரசி:

ஐயா, படிக்கும் செவிலியரின் கண்ணோடு சொல்கிறேன். கோபத்தை எழுத வேண்டாம். தேதியை எழுதச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எந்தெந்த நாள், எந்த வேளை கொடுக்கப்படவில்லை, எந்தெந்த நாள் சீட்டுப் போட்டான், எப்போது விழுந்தான், யார் தூக்கினார்கள், பெயர் தெரியாவிட்டால் எந்தப் பணிநேரம், ஆணா பெண்ணா. கீழ்ப்படுக்கை கேட்டது வேறு குறை. ஒரு மனுவில் ஒரு குறை என்று கையேட்டில் இருந்தால் இரண்டாகப் போட வேண்டும். என்ன வேண்டும் என்ற கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது.

அறுநூற்றிரண்டு:

அம்மா சொன்னதே முழு வழக்கறிஞர் ஆலோசனை. என் பங்குக்கு இரண்டு. இரண்டு மனுவும் ஒரே நாளில், நாளைக்குள். அனுப்பியதும் திரையில் வரும் எண்ணைக் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த தொலைபேசியில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிறைத் தொலைபேசி பதிவாகும் என்பதால் வழக்கைப் பற்றி வேறெதுவும் பேச வேண்டாம், எண்ணும் தேதியும் போதும். எந்தப் பதில் வந்தாலும், ஏற்கிறோம் என்றே வந்தாலும், கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் மேல்முறையீடு. வழக்கை முன்கூட்டித் தொடுத்துவிட்டு, பிறகு உள்வழியை முடித்துக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான நீதிமன்றங்களில் அது செல்லாது. ஜாமீனில் வெளியே வந்துவிட்டால் நிலைமை வேறு. சட்டம் "அடைபட்டிருக்கும்" கைதிக்குத்தான். வெளியே வந்தபின் தொடுக்கும் வழக்குக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதே பெரும்பாலான மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் நிலை. ஆனால் அதை நம்பிக்கொண்டு மனுவைக் கைவிட வேண்டாம்.

கூடல்வாசி:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். பதின்மூன்றாம் நாள் காலை இரண்டு மனுவும் போய்விட்டன. இடது கையில் கட்டு. வலக்கை விரல் ஒன்றால் தட்டியே எழுதியிருக்கிறான். கீழ்ப்படுக்கை மனுவுக்கு மறுநாளே பதில்: வழங்கப்பட்டது. மாத்திரை மனுவுக்கு வந்த பதிலை அவன் எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, மங்கையர்க்கரசி அம்மா எழுதிய வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மேல்முறையீடு மூன்றாம் நாளே போட்டாயிற்று. கடைப்பொருள் வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறானாம். நானும் என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மாத்திரை இப்போது இரண்டு வேளையும் வருகிறது. மேல்முறையீட்டுக்குப் பதில் சொல்ல அவர்களுக்குள்ள கெடு வரும் வியாழக்கிழமை முடிகிறது. அன்று பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்கிறான்.

அறுநூற்றிரண்டு:

கையேட்டின் அந்தப் பக்கத்தை அவன் கையாலேயே முழுமையாகப் பிரதியெடுத்துத் தேதியிட்டு, உங்களுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாதது நமக்கு வேண்டும்.